அரிவாள் செல் நோய் இருந்தா ஹார்ட் ஆபரேஷன் செய்யலாமா? டாக்டர்கள் கவனிப்பது என்ன?

செய்யலாம். ஆனா நோயாளிக்கு இந்தப் பிரச்சினை இருக்குன்னு ஆபரேஷன் தியேட்டருக்குள் போறதுக்கு முன்னாடியே டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அரிவாள் செல் ரத்தசோகை பெற்றோரிடமிருந்து வரும் ரத்த நோய். உடலில் ஆக்சிஜன் குறையும்போது வட்டமான சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, விறைத்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். கடும் வலியில் தொடங்கி பக்கவாதம் வரைக்கும் போகலாம்.

இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரி மலைவாழ் மக்களிடம். ஜெகதாப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் பலருக்கு நோயின் பெயரே புதுசு. ஆனா வேலை, கல்யாணம்னு மக்கள் இடம் மாறும் காலத்தில், எந்த ஊர் மருத்துவமனையிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகணும்.

குளிர்தான் சிக்கல்

இதயத்தை நிறுத்தி ஆபரேஷன் செய்யும்போது ஹார்ட்-லங் மெஷின்தான் ரத்தத்தை ஓட்டும். வழக்கமா உடலைக் குளிர்விப்பாங்க, இதயத்துக்குள்ளும் குளிர்ந்த திரவம் செலுத்துவாங்க. மற்றவர்களுக்கு அது பாதுகாப்பு. இவங்களுக்கோ ரத்தக்குழாய் சுருங்கி, ஓட்டம் மந்தமாகி, செல்கள் வளைய வழி செய்துவிடும். அதனால் முடிந்தவரை உடல் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைப்பது பல மருத்துவக் குழுக்களின் வழக்கம். ஆக்சிஜன் குறையக் கூடாது, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறக் கூடாது, நீர்ச்சத்து வற்றக் கூடாது.

ரத்தத்தை மாற்றுவது எதற்கு?

நோயாளியின் ரத்தத்தை எடுத்துவிட்டு, தானமா வந்த ரத்தத்தை ஏற்றி, கோளாறான ஹீமோகுளோபின் எஸ் அளவை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டு வருவது பொதுவான இலக்கு. சும்மா ரத்தம் ஏற்றிக்கொண்டே போனா ரத்தம் கெட்டியாகிவிடும். முன்பு பலமுறை ரத்தம் ஏற்றியவர்களுக்குப் பொருத்தமான ரத்தம் கிடைக்கவும் நாளாகும். எனவே கடைசி நேரத்தில் சொல்வது உதவாது.

மரபணுவை மட்டும் சுமப்பவர்களுக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் சொல்லிவிடுங்க. 2023-ல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனை செய்து அட்டை வாங்கியிருந்தா, அதையும் கையோடு கொண்டு போங்க.

ஆபரேஷன் முடிந்த பிறகு நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தா தையல் வலின்னு பொறுத்துக்கொள்ள வேண்டாம். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம், உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.