கட்டம் போட்ட கைலியின் கதை



கட்டம் போட்ட கைலி இல்லாத வீடு நம்மிடையே உண்டா? வேலை முடிந்து வந்து குளித்தபின் அப்பா இடுப்பில் கட்டுவது கைலி. அது சற்று நைந்தால் கைக்குழந்தைக்குத் தூளி. அதற்கும் உதவாமல் போனால் அடுப்படியில் கைப்பிடித்துணி. இவ்வளவு நெருக்கமான இந்தத் துணியை மலாய் மக்கள் 'காயின் பெலிகாட்' என்று அழைக்கிறார்கள். 'காயின்' என்றால் துணி. 'பெலிகாட்' என்றால் என்ன?

அது ஒரு தமிழ் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே கடலோரத்தில், பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் பழவேற்காடுதான் அந்த ஊர். ஐரோப்பியர் நாவில் அது 'புலிகாட்' ஆயிற்று. மலாய் மக்கள் நாவில் 'பெலிகாட்' ஆயிற்று. அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணிக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

பெயர்களில் வரலாறு ஒளிந்திருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோலாலம்பூரில் இன்று உயர்ந்த மாளிகைகளும் கடைகளும் நிறைந்திருக்கும் பங்சார், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தோட்டத்தோடு தொடர்புடைய புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்து 'பங்சார்' ஆயிற்று என்பர். அங்கே மரம் வெட்டியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஊர் முதலாளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கைலியோ, நெய்தவர்கள் வாழ்ந்த கரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இது அரிதான பெருமை அல்லவா?

இந்தத் துணி இங்கே எப்படி வந்தது? 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே, சோழமண்டலக் கரையின் வணிகர்கள் அங்கே துணி விற்றுக் கொண்டிருந்தார்கள். அடுத்து வந்தவர்கள் டச்சுக்காரர்கள். மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்க அவர்களுக்குத் தமிழ்நாட்டுத் துணி தேவைப்பட்டது. அத்தீவு மக்கள் விரும்பிக் கேட்டது நம் கரையின் துணியைத்தான். ஆகவே 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. அவர்களுடைய கல்லறைகளை இன்றும் அங்கே காணலாம். துணிகள் கடல் கடந்த அதே வங்கக் கடலில்தான், பின்னாளில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி நம் முன்னோர்கள் மலாயாவுக்கு வந்தார்கள்.

இனி, கட்டம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே நாடா கொண்டு செல்லும் நூல் ஊடை. பாவில் இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை நீலம் என்று எண்ணி வைக்கிறார்கள். ஊடையிலும் அதே எண்ணிக்கையில் நிறம் மாற்றுகிறார்கள். இரண்டும் குறுக்கிடும் இடத்தில் கட்டம் பிறக்கிறது. நெசவாளி ஊடையில் எண்ணிக்கை தவறினால் சதுரம் நீண்டுவிடும். முற்காலத்தில் சிவப்புக்குச் சாயவேரும் நீலத்துக்கு அவுரியும் பயன்பட்டன.

தறியில் உட்காருகிறவர் ஒருவர்தான். ஆனால் நூலுக்குச் சாயம் ஏற்றுவது, பாவு ஓட்டுவது, கஞ்சி தோய்ப்பது, தார் சுற்றுவது என்று குடும்பமே பாடுபட வேண்டும். செக்ரோலில் ஒருவர் பெயர் இருக்க, வீடே சேர்ந்து மங்கு துடைத்துப் பால் சுமந்த காலத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டத் துணியை இடுப்பில் சுற்றுவது நமக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. நம் தோட்டங்களை நடத்திய துரைமாரில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1821-இல் சிங்கப்பூரில் கத்ரி கம்பெனியைத் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியும் அந்நாட்டவரே. அவர்களுடைய மரபுடை 'கில்ட்' என்பது. ஆண்கள் இடுப்பில் சுற்றி முழங்கால் வரை அணியும், கட்டம் போட்ட கம்பளித் துணி அது. நிறம் ஏற்றிய பாவும் ஊடையும் எங்கே குறுக்கிட்டாலும் கட்டம் பிறக்கும் அல்லவா? அங்கே கம்பளி நூலில் பிறந்தது, இங்கே பருத்தி நூலில் பிறந்தது.

கில்ட் தைப்பது தனிக் கலை. கைதேர்ந்த தையற்காரர் இடுப்பு, அடியிடுப்பு, உயரம் மூன்றையும் அளந்து கொள்கிறார். ஏறக்குறைய 7 மீட்டர் துணியைப் பின்புறம் மடிப்பு மடிப்பாக மடித்துக் கையாலேயே தைக்கிறார். மடித்த பின்பும் கட்டம் பிசகாமல் தொடர வேண்டும். அதில்தான் அவருடைய திறமை. கைலியை மூட்டும்போது இரண்டு ஓரத்துக் கட்டங்களும் பொருந்த வேண்டும் என்று நாம் பார்ப்பதில்லையா? அதைப் போன்றதுதான் இது. கில்ட் வேண்டுகிறவர் அளவு கொடுத்துவிட்டுப் பல வாரம் காத்திருப்பார். நன்றாகத் தைத்த கில்ட், தகப்பனுக்குப் பின் மகனுக்கும் உதவும்.

அந்த உடைக்கும் ஒரு சோதனை வந்தது. 1746-இல் ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அரசாங்கம் அவர்களுடைய வாளோடு உடையையும் தடை செய்தது. படைவீரர் தவிர வேறு ஆண்கள் அதை அணிந்தால் 6 மாதச் சிறை. மறுபடியும் அணிந்தால் 7 ஆண்டு நாடு கடத்தல். 1782-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அதற்குள் 36 ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்றாட உடை என்ற நிலை போய், கில்ட் விழா உடையாகத்தான் திரும்பி வந்தது. ஆனாலும் இழந்ததன் அருமையை அறிந்தவர்கள் அதை விடவில்லை. இன்றும் கையால் தைத்த கில்டுக்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள், தைத்தவரை மதிக்கிறார்கள்.

நம் கைலியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் அதை நெய்யும் கைகள் சத்தமில்லாமல் குறைந்து வருகின்றன. 2009-10 கணக்கெடுப்பில் இந்தியாவில் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் சுமார் 43 லட்சம் பேர். 2019-20 கணக்கெடுப்பில் அது 35 லட்சமாகிவிட்டது. கைத்தறிக்கென்று சில துணிகளை ஒதுக்கி இந்திய அரசு 1985-இல் ஒரு சட்டம் செய்தது. அப்படி ஒதுக்கப்பட்டவற்றுள் கைலியும் ஒன்று. ஆயினும் விசைத்தறித் துணியின் மலிவு விலைக்கு முன்னால் கைத்தறி திணறுகிறது.

மலிவு என்றால் என்ன என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். டயர் வாங்குகிறவர், விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டியவரை நினைப்பதில்லை. ரப்பர் விலை இறங்கியபோது யாருடைய சம்பளம் குறைந்தது என்று அவர் கேட்டதில்லை. அது நமக்கு வலித்தது. அப்படியானால், கைலி வாங்கும்போது நெய்தவரை நினைக்க வேண்டியது நம் கடமை அல்லவா?

பிரிக்பீல்ட்சிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கைலி வாங்கப் போனால் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியும். அச்சடித்த கட்டம் பின்பக்கம் மங்கியிருக்கும். இரண்டாவது, எந்த ஊரில் நெய்தது, கைத்தறியா விசைத்தறியா என்று கடைக்காரரைக் கேளுங்கள். கைத்தறிக்கென்று இந்திய அரசு 2006-இல் கொண்டுவந்த முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றாவது, எல்லாத் துணியையும் கைத்தறியாக வாங்க நம் வருமானம் இடம் தராது. ஆனால் தீபாவளிக்குத் தகப்பனாருக்கு எடுக்கும் ஒரு கைலியையாவது கைத்தறியாகப் பார்த்து எடுக்கலாம்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். நிலப்படத்தில் பழவேற்காட்டைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். உலகத்தில் உழைத்தவர் ஊரின் பெயரைச் சொல்லும் பொருள்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நம் வீட்டுக் கொடியில் காய்கிறது என்பதை அவர்கள் அறிந்திருக்கட்டும்.