யாருடைய பணத்தில் உழைப்பு: கலிபோர்னியச் சட்டமன்றத்தின் அறிவியல் ஃபெலோக்களும் நன்னெறி விதிகளும்

கலிபோர்னியாவில் பதிவுபெற்ற லாபியிஸ்ட் ஒருவர் சட்டமன்ற உறுப்பினருக்கு மாதம் 10 டாலருக்கு மேல் அன்பளிப்பு தரக்கூடாது. 1974இல் மக்களே வாக்களித்து நிறைவேற்றிய அரசியல் சீர்திருத்தச் சட்டம் விதித்த வரம்பு இது. இன்றைய விலைவாசியில் ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்குக்கூட அந்தத் தொகை போதாது. அதே சட்டமன்றத்தின் அலுவலகங்களில் 2009 முதல் முனைவர் பட்டம் பெற்ற அறிவியலாளர்களும் பொறியியலாளர்களும் ‘ஃபெலோ’ என்ற பெயரில் ஓராண்டு முழுநேரமாக உழைத்து வருகிறார்கள். கலிபோர்னிய அறிவியல் தொழில்நுட்பக் கழகம் அவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. கார்டன், பெட்டி மூர் அறக்கட்டளையின் கொடையைக் கொண்டு தொடங்கிய திட்டம் அது. பத்து டாலர் சாப்பாட்டைக் கண்டு அஞ்சுகிற சட்டம், வெளியார் பணத்தில் வரும் ஓராண்டு உழைப்பை எப்படி அனுமதிக்கிறது? அனுமதிப்பது சரிதான் என்பதே என் கருத்து. ஆனால் இன்று சொல்லப்படும் காரணம் போதாது. ஃபெலோவின் தனிப்பட்ட நேர்மையை மட்டும் காவல் காக்கும் விதிகள், அவரை அனுப்பும் கொடையாளரின் நலனையும் அவரைப் பெறும் உறுப்பினரின் நலனையும் பார்க்கத் தவறுகின்றன.

இத்தகைய திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1960களில் கீழவையான பேரவையின் தலைவராக இருந்த ஜெஸ்ஸி அன்ரூ, பகுதிநேரச் சட்டமன்றத்தை முழுநேர அமைப்பாக மாற்றப் பாடுபட்டார். 1966இல் வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள். லாபியிஸ்டுகள் எழுதிக் கொடுப்பதையே நம்பியிருக்காமல், தனக்கென வல்லுநர்களை வைத்துக்கொண்டு சட்டமன்றம் சிந்திக்க வேண்டும் என்பது அவர் கனவு. 1990இல் நிறைவேறிய 140ஆம் முன்மொழிவு அந்தக் கனவின் பெரும்பகுதியைக் கலைத்தது. கீழவை உறுப்பினர் ஆறு ஆண்டுகள், மேலவை உறுப்பினர் எட்டு ஆண்டுகள் மட்டுமே பதவியில் இருக்கலாம் என்று அது வரம்பு கட்டியது. சட்டமன்றத்தின் செலவையும் கடுமையாக வெட்டியதால் அனுபவமிக்க ஊழியர்கள் பலர் வெளியேறினார்கள். 2012இல் பதவி வரம்பு மொத்தம் 12 ஆண்டுகளாகத் திருத்தப்பட்டது. வாஷிங்டனிலும் இதே போக்குதான்: நாடாளுமன்றத்துக்கு அறிவியல் ஆலோசனை தர 1972இல் உருவான தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்துக்கு 1995இல் நிதி நிறுத்தப்பட்டது. இத்தகைய அமைப்புகள் கலைந்த இடத்தில் ஆர்வலர்களும் அறக்கட்டளைகளும் வந்து சேர்ந்தார்கள். 1973இலேயே அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஏழு பேருடன் தொடங்கிய நாடாளுமன்ற ஃபெலோஷிப் கலிபோர்னியாவுக்கு முன்மாதிரியாயிற்று. நீர்ப் பங்கீடும் காட்டுத்தீயும் மின்கட்டமைப்பும் அன்றாட அரசியலாக இருக்கும் ஒரு மாநிலத்தில், 120 உறுப்பினர்களுக்கு அருகே அறிவியல் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பது ஆடம்பரமல்ல. ஆனால், பொதுப்பணத்தால் நடக்க வேண்டிய வேலை தனியார் கொடையால் நடக்கிறது என்பதும் மறக்கக் கூடாத உண்மை.

சட்டம் இந்தச் சிக்கலைக் கவனிக்காமல் இல்லை. குறிப்பிட்ட நிபந்தனைகள் நிறைவேறினால் கலிபோர்னிய அறிவியல் தொழில்நுட்பக் கழகம் அனுப்பும் ஃபெலோவின் சேவை உறுப்பினருக்குத் தரப்பட்ட அன்பளிப்போ ஊதியமோ ஆகாது என்று சட்டமன்ற நன்னெறித் தொகுப்பு விலக்கு அளிக்கிறது. அதற்கு ஈடாக, ஊழியர்களைக் கட்டுப்படுத்தும் நெறிகளை ஃபெலோவும் ஏற்க வேண்டும். அமெரிக்க மேலவையின் நடத்தை விதிகளும் ஏறக்குறைய இந்த வழியில்தான் செல்கின்றன: வெளியார் சம்பளத்தில் நீண்டநாள் பணியாற்றுபவர் மேலவையின் நெறிகளுக்கு எழுத்துமூலம் உடன்பட வேண்டும். பணம் எங்கிருந்து வந்தாலும் நடத்தை ஊழியருக்குரியதாக இருந்தால் போதும் என்பதே இந்த ஏற்பாட்டின் தர்க்கம். அது பாதி வழி மட்டுமே வருகிறது. அன்பளிப்பு அன்பளிப்பு அல்ல என்று சட்டம் அறிவித்துவிட்டாலும், உறுப்பினர் பெற்ற பயன் காணாமல் போய்விடாது. தேர்தலை எதிர்நோக்கும் ஒருவருக்குச் செலவில்லாமல் ஒரு வல்லுநர் கிடைக்கிறார். அவர் தயாரித்த மசோதா உறுப்பினரின் பெயரில் வெளிவருகிறது. இதைவிட நேர்மையான வழியை மாநிலத்தின் நியாயமான அரசியல் நடைமுறை ஆணையம் வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறது. அரசு அமைப்புக்கு வரும் கொடையைத் தனிமனிதருக்கு வந்ததாகக் கருதாமல் இருக்க வேண்டுமென்றால், அதை யார் பயன்படுத்துவது என்பதை அமைப்பு தீர்மானிக்க வேண்டும். கொடுப்பவர் ஆளைச் சுட்டக்கூடாது. கொடையைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். கொடை கொடைதான், ஆனால் அதைப் பெறுவது நிறுவனம். ஃபெலோக்களுக்கும் பொருந்த வேண்டிய கோட்பாடு இதுவே.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு அரசியல் அறிவியலில் ஒரு தெளிவான விளக்கம் உண்டு. ரிச்சர்ட் ஹாலும் ஆலன் டியர்டார்ஃபும் 2006இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, லாபி செய்வதை விலைக்கு வாங்குவதாகவோ மனத்தை மாற்றுவதாகவோ பார்க்கவில்லை, மானியமாகப் பார்த்தது. உறுப்பினருக்கு ஏற்கெனவே பிடித்த காரியங்கள் பல இருக்கும்; நேரமும் ஆளும்தான் இல்லை. தகவலும் உழைப்பும் கொடுத்து அவற்றுள் ஒன்றை முன்னுக்குத் தள்ளினால் போதும், கருத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இந்த விளக்கத்தை ஏற்றால், ஃபெலோஷிப்பும் இலக்கணப்படி ஒரு மானியமே. தனியொரு ஃபெலோ எவ்வளவு நடுநிலையோடு குறிப்பு எழுதினாலும், எந்தத் துறைக்கு ஃபெலோ கிடைக்கிறார், எந்தத் துறைக்குக் கிடைக்கவில்லை என்பதே சட்டமன்றத்தின் கவனத்தைத் திருப்பிவிடுகிறது. 2023 அக்டோபரில் பொலிட்டிகோ வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. செயற்கை நுண்ணறிவுக் கொள்கையில் பணியாற்றும் ஃபெலோக்களை ஹொரைசன் என்ற அமைப்பு அமெரிக்க நாடாளுமன்ற அலுவலகங்களில் அமர்த்தியிருந்ததையும், அதற்கு ஓப்பன் ஃபிலந்த்ரபி என்ற கொடை அமைப்பு பெருமளவு நிதி தந்ததையும் அது விவரித்தது. அதே ஓப்பன் ஃபிலந்த்ரபி 2017இல் ஓப்பன் ஏஐ நிறுவனத்துக்கு 3 கோடி டாலர் நல்கை அளித்திருந்தது. ஃபெலோ எவரும் தவறாக எழுதினார் என்று இதிலிருந்து கொள்ளக் கூடாது. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. செயற்கை நுண்ணறிவின் எந்த ஆபத்தை முதலில் பேசுவது, தொலைதூரப் பேரழிவையா, இன்றைய வேலையிழப்பையும் கண்காணிப்பையுமா என்பதே அப்போது அரசியல் சர்ச்சையாக இருந்தது. அந்தச் சர்ச்சையில் ஒரு தரப்பின் கவலையைப் பகிர்ந்துகொள்ளும் கொடையாளர், அவையின் உள்ளறையில் உழைப்பாளர்களை வைக்க உதவ முடிந்தது. இதைத் தடுக்கத் தனிமனித நேர்மை பற்றிய விதி எதுவும் பயன்படாது.

ஃபெலோவின் சொந்த நலனைப் பொறுத்தவரையிலும் இருக்கிற கருவிகள் வேறு காலத்துக்கானவை. அரசுப் பணியாளர்கள் தரும் பொருளாதார நலன் அறிக்கைப் படிவம் பங்குகளையும் நிலத்தையும் வருமானத்தையும் கேட்கிறது. முப்பது வயதை ஒட்டிய ஆய்வாளர் ஒருவரிடம் பங்கும் நிலமும் இருப்பது அரிது. வருமானமோ பெரும்பாலும் பல்கலைக்கழகச் சம்பளம். அரசு அமைப்பு தரும் சம்பளத்தை 1974ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிக்க வேண்டிய வருமானத்திலிருந்து விலக்குகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் அரசு அமைப்பே. 2007 பிப்ரவரியில் பி.பி. எண்ணெய் நிறுவனம் பத்தாண்டுகளில் 50 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, பெர்க்லியை மையமாகக் கொண்டு உயிரி எரிபொருள் ஆய்வு நிறுவனம் ஒன்றை நிறுவப் போவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஆளுநர் ஷ்வார்ஸ்னேகர் குறைகார்பன் எரிபொருள் தரம் கொண்டுவர ஆணையிட்டிருந்தார். 2009இல் காற்றுவள வாரியம் அதை விதியாக்கியது. அந்த ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் எரிபொருள் மசோதாவுக்குக் குறிப்பு எழுத அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர்தான் அந்த வேலைக்கு மிகத் தகுதியானவர், நலமுரண் மிகுந்தவரும் அவரே. படிவமோ வெறுமையாக இருக்கும். அறிவியலாளரின் நலன் அவருடைய அறிவுக்குள்ளேயே இருக்கிறது: யார் பணத்தில் படித்தார், யாருடன் கட்டுரை எழுதினார், அடுத்த ஆண்டு யாரிடம் வேலை தேடுவார். இந்த மூன்றையும் கேட்காத அறிக்கை அறிவியல் ஃபெலோவுக்கான அறிக்கை ஆகாது. கேட்ட பிறகு அவரை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலக்கினால் நிபுணரை அழைத்ததன் பயனே போய்விடும். அவர் எழுதும் குறிப்பைப் படிப்பவருக்கு அந்த விவரங்கள் தெரிந்திருந்தால் போதும். மருத்துவ ஆய்விதழ்கள் தம் ஆசிரியர்களிடம் நெடுங்காலமாகக் கேட்டு வருவது இதைத்தான்.

கெடுபிடி கூடினால் நல்லவர்கள் வரமாட்டார்கள் என்பது பொதுவான ஆட்சேபம். கட்டுரை வெளியிடும்போதெல்லாம் நிதி மூலத்தை அறிவித்துப் பழகியவர்களுக்கு இது பாரமாகாது. லாபியிஸ்டுகள் எப்படியும் உள்ளே இருக்கிறார்கள், அவர்களோடு ஒப்பிட்டால் அறக்கட்டளை அனுப்பும் ஃபெலோ தீங்கற்றவர் என்பது இன்னொன்று. அவர் எண்ணத்தில் தீங்கற்றவரே. ஆனால் லாபியிஸ்ட் யாருக்காகப் பேசுகிறார் என்பது பதிவேட்டில் இருக்கிறது, காலாண்டுதோறும் செலவுக் கணக்கும் வருகிறது. ஃபெலோவின் குறிப்போ உறுப்பினரின் அலுவலகக் குரலாக ஒலிக்கிறது. நம்பிக்கை கூடுதலாகக் கிடைக்கும் இடத்தில் வெளிப்படைத்தன்மை குறைவாக இருப்பதை எப்படி ஏற்க முடியும்?

வலுவான ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. சட்டமன்றமே சம்பளம் கொடுத்தால் ஃபெலோ கட்சி ஊழியராகிவிடுவார். வெளிப்பணம்தான் அவருக்குச் சுதந்திரம் தருகிறது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. உறுப்பினரின் தயவில் வேலை பார்ப்பவர், உறுப்பினர் கேட்க விரும்பாத ஆய்வு முடிவை மேசையில் வைக்கத் தயங்குவார். ஆனால் அந்தச் சுதந்திரத்தைத் தருவது பணத்தின் ஊற்று அல்ல, நியமனமும் நீக்கமும் யார் கையில் என்பதுதான். மாநில நிதியை ஆராயும் சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் 1941 முதல் அரசுப் பணத்தில் இயங்குகிறது. இரு அவைகளின் கூட்டு வரவுசெலவுக் குழுவுக்குக் கீழே இருப்பதால் எந்தத் தனி உறுப்பினருக்கும் அது கட்டுப்பட்டதல்ல. இரு கட்சியினரும் அதன் எண்களை மேற்கோள் காட்டி வாதிடுகிறார்கள். வெளிப்பணம் நடுநிலையைத் தருகிறது என்ற வாதம் நடைமுறையில் நேர்மாறாகவும் முடியலாம். வாஷிங்டனில் ஃபெலோக்கள் அலுவலகங்களோடு நேர்காணல் நடத்தி, ஒத்துப்போகும் இடத்தைத் தேர்ந்து சேர்கிறார்கள். காலநிலை ஆய்வாளர் காலநிலைச் சட்டத்துக்கு ஆதரவான அலுவலகத்தையே நாடுவார், அந்த அலுவலகமும் அவரையே விரும்பும். அறிவியல் மிகத் தேவையான அலுவலகம், அதாவது அறிவியலை ஐயத்தோடு பார்க்கும் அலுவலகம், வெறுங்கையோடு நிற்கும்.

ஆகவே நன்னெறி விதி இரண்டு இடங்களில் மாற வேண்டும். ஃபெலோவை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதை இரு அவைகளின் விதிக்குழுக்கள் கூடித் தீர்மானிக்கட்டும். தனி உறுப்பினர் அலுவலகத்தைவிடக் கொள்கைக் குழுக்களுக்கு முன்னுரிமை தரட்டும். குழுவின் மசோதா பகுப்பாய்வைப் பெரும்பான்மையும் சிறுபான்மையும் சேர்ந்தே படிக்கின்றன. கொடையாளர்கள் பொதுநிதியில் பணம் போடலாம், துறையைக் குறிக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவுக்கென்றோ உயிரித் தொழில்நுட்பத்துக்கென்றோ குறித்து வரும் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும். படிப்படியாக அந்த நிதி மாநில வரவுசெலவுக்குள் வர வேண்டும். பெரும் மாநில வரவுசெலவில் சில பத்துப் பேரின் ஆண்டு உதவித்தொகை சுமையாகாது. அதுவரை, ஃபெலோ கைவைத்த ஒவ்வொரு மசோதா பகுப்பாய்வின் கடைசிப் பக்கத்திலும் அவருடைய உதவித்தொகை எந்த நிதியிலிருந்து வருகிறது, அவருடைய முனைவர் ஆய்வுக்கு யார் பணம் தந்தார்கள் என்ற இரண்டு வரிகள் அச்சாக வேண்டும். அந்த இரண்டு வரிகளைச் சேர்க்கப் புதிய சட்டம்கூட வேண்டாம், விதிக்குழுவின் தீர்மானம் ஒன்று போதும்.