கேலரியில் உட்கார்ந்தவர்கள்

அமெரிக்காவில் சின்னப் பசங்க பேஸ்பால்னா லிட்டில் லீக்தான். ஆனா அதை ஆரம்பிச்சது பெரிய கிளப் எதுவும் இல்லீங்க, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்!

பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட்னு ஒரு ஊர். அங்கே கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் உறவுக்காரப் பையன்களுக்காக, கடை கடையாக ஏறி இறங்கிப் பணம் கேட்டு, 1939ல் மூணு டீம் சேர்த்தார். ஒரு டீம் அவருக்கு. மத்த ரெண்டையும் பெபிள் சகோதரர்கள் பார்த்துக்கிட்டாங்க. மனைவிமாரும் கூடமாட வேலை செய்தார்கள். பேஸுக்குப் பேஸ் 90 அடி என்பது பசங்களுக்காக 60 அடி ஆனது. ஜூன் 6 அன்று முதல் மேட்ச், 23-8!

கோச், அம்பயர் யாருக்கும் சம்பளம் கிடையாது, பெரும்பாலும் பெத்தவங்கதான். பையன் உள்ளே ஆட, வெளியே பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு ஆரம்பிக்கும். பல குடும்பங்களின் சிநேகம் அப்படி வந்ததுதான்.

ஆனா அந்த பெஞ்சுக்கும் ஒரு வேலி இருந்தது. 1955ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ.வின் கறுப்பினச் சிறுவர்கள் போட்டிக்குப் பேர் கொடுத்தார்கள். வெள்ளையர் டீம்கள் மொத்தமும் விலகிக்கொண்டன. முடிவு பண்ணது பசங்களா என்ன? பெரியவங்கதானே! ஆடாம ஜெயிச்சது செல்லாதுன்னு சொல்லி மேற்கொண்டு ஆடவும் விடலை. வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தாளியாக மட்டும் கூப்பிட்டார்கள்.

அங்கே கேலரியில் இருந்தவங்க, "அவங்களையும் ஆட விடுங்க"ன்னு கத்தினாங்களாம். யாரும் கேட்கலை. மாநில சாம்பியன் கொடி அவர்கள் கைக்கு வந்தது 2002ல்தான்.

சேர்த்து வச்சதும் பெரியவங்க, பிரிச்சு வச்சதும் பெரியவங்க. எனக்கென்னவோ அன்னிக்குக் கத்தின அந்தக் கேலரியைத்தான் பிடிச்சிருக்கு.