தாழியில் குடியிருந்த சாக்ரடீஸ்

கிரேக்க மெய்யியலை அரபு உலகம் வரவேற்ற வரலாற்றைப் பெரும்பாலும் அரிஸ்டாட்டிலை வைத்தே எழுதுகிறோம். எந்த நூல் எப்போது பெயர்க்கப்பட்டது, யார் உரை கண்டார் என்ற பட்டியலோடு அது நின்றுவிடுகிறது. ஆனால் 9ஆம் நூற்றாண்டு முதல் மெய்யியலாளர் அல்லாத கற்றோர் பலர் கிரேக்கரை அறிந்தது பொன்மொழித் தொகுப்புகள் வழியாகத்தான். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒன்று தொகுத்தார். அல்-கிந்தி சாக்ரடீஸின் மொழிகளுக்கென்றே ஒன்று தொகுத்தார். இவற்றை நீர்த்துப்போன மெய்யியல் என்று ஒதுக்குவது தவறு என்பதே என் வாதம்.

ஒதுக்குவோர் முதலில் சுட்டுவது தாழியை. ஏதென்ஸின் சாக்ரடீஸ் மனைவி மக்களோடு வாழ்ந்தவர். தாழியில் கிடந்தவர் டயோஜெனீஸ். அரபுத் தொகுப்புகளிலோ தாழி சாக்ரடீஸுக்கு வந்துவிடுகிறது. தாழி உடைந்தால் என்ன செய்வீர் என்று கேட்டவருக்கு, அது இருந்த இடம் உடையாதே என்று விடை சொல்கிறார். ஆள் மாறியது உண்மைதான். அந்த மாறிய சாக்ரடீஸைக் கொண்டு அரபு அறிஞர்கள் எதைச் சிந்தித்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு மருத்துவர் அபூபக்ர் அல்-ராஸியின் ‘மெய்யியல் வாழ்க்கை’ என்ற சிறுநூலைவிட நல்ல சான்று இல்லை. மக்களோடு பழகுகிறீர், பொருள் ஈட்டுகிறீர். உம் தலைவர் சாக்ரடீஸோ புல்லைத் தின்று, கந்தை உடுத்தி, பாலைவெளியில் தாழியில் வாழ்ந்தார் என்று சிலர் அவரைக் குறைகூறினர். ராஸி கதையை மறுக்கவில்லை. அது அவருடைய தொடக்கக் காலம் என்கிறார். பிறகு சாக்ரடீஸ் பிள்ளை பெற்றார், பகைவரோடு போரிட்டார், கேளிக்கைகளுக்கும் சென்றார். தமக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான், தன்மையில் இல்லை என்று நிலைநாட்டுகிறார். உடலை வருத்துவது அறமாகாது என்ற முடிவை நோக்கி வாதம் நகர்கிறது. இறைவனை நெருங்குவதாக எண்ணி உடலை எரித்துக்கொள்ளும் இந்தியரும் அங்கே கண்டனத்துக்கு உள்ளாகிறார்கள். மெய்யியலாளன் எப்படி வாழ வேண்டும் என்ற அசல் கிரேக்கக் கேள்வி, தாழிக் கதையின் தோளில் ஏறியே இங்கு வந்து சேர்கிறது. அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களுக்கு எழுந்த உரைகளில் இக்கேள்வியை இவ்வளவு உயிரோடு காண்பது அரிது.

உண்மை வரலாறு தெரியாததால்தான் தாழி நிலைத்தது என்று மறுக்கலாம். ராஸியின் விடையே அம்மறுப்பைத் தளர்த்துகிறது. 1248இல் மறைந்த இப்னு அல்-கிஃப்தியின் அறிஞர் வரலாறு அதை முற்றாகத் தகர்க்கிறது. பிளேட்டோவின் ‘கிரீட்டோ’, ‘ஃபீடோ’ உரையாடல்களிலிருந்து வந்த சிறைக் காட்சிகளை அவர் விரிவாகத் தருகிறார்: தப்பிச் செல்ல மறுத்தது, உயிரைப் பற்றிய கடைசி உரையாடல், நஞ்சு. அதே சாக்ரடீஸைத் தாழியில் வாழ்ந்தவர் என்றும் சொல்கிறார். பிளேட்டோவின் சாக்ரடீஸ் கைக்கு எட்டிய பிறகும் அரபு எழுத்தாளர்கள் தாழியைக் கைவிடவில்லை.