செக்குக்குப் பிறகு

வ.உ.சி. என்றதும் எல்லோருக்கும் செக்கு நினைவுக்கு வரும். சிறை நல அலுவலராகக் காலம் தள்ளிய எனக்கோ சென்னையில் அவர் வைத்திருந்த மளிகைக் கடைதான் நினைவுக்கு வருகிறது. சிறையில் அவர் இழுத்த செக்கை நினைவுச் சின்னமாக்கிவிட்டோம். 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையை விட்டு வந்தவர் அதன்பின் 24 ஆண்டுகள் எப்படிப் பிழைத்தார் என்று கேட்பவர்கள் குறைவு.

1908இல் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்த இரட்டை ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்தது. தீர்ப்பில் எழுதாத தண்டனைகள் சிறைவாசலுக்கு வெளியே காத்திருந்தன. அவர் நடத்திய சுதேசிக் கப்பல் கம்பெனி 1911லேயே கலைந்துவிட்டது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சொந்த மாவட்டத்துக்கும் திரும்ப முடியவில்லை. மனைவி மக்களோடு சென்னைக்கு வந்து மளிகை விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். இரண்டும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்த தொகையைக் கேட்டு 1915இல் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1916இல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா.

அவரோடு தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். பின்னாளில் நோயைக் காட்டி ரயிலில் ஏறவும் தடை போட்டார்கள். கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனார். அந்த நோயோடுதான் அவர் 1913இல் ‘ஞானபாநு’ இதழைத் தொடங்கினார், வ.உ.சி. அதில் எழுதினார். விடுதலையான இருவருக்கும் அரசு தராத ஆதரவை அவர்களே ஒருவருக்கொருவர் தந்துகொண்டார்கள்.

விடுதலையானவர்களுக்கு ஆதரவு தர வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. சென்னை ஆளுநரின் நிர்வாக சபையில் இருந்த அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு, 1919–20இல் பல நாடுகளின் சிறைகளைப் பார்த்துவந்தது. கைதியைத் திருத்தி மீண்டும் சமூகத்தில் சேர்ப்பதும் சிறையின் வேலைதான் என்று அது எழுதியது. விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கங்களையும் வலியுறுத்தியது. குற்றம் செய்தவரைச் சிறைக்கே அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட வழிசெய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1936இல் பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் வ.உ.சி. மறைந்தார்.

அவருக்குக் கைகொடுத்தது குழுவும் அல்ல, சட்டமும் அல்ல. கோவையில் சிலகாலம் வங்கியில் வேலை பார்த்தவர், சன்னதைத் திருப்பித் தரும்படி மனுப் போட்டார். நீதிபதி வாலஸ் அதற்கு இசைந்தார். கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில் தொடங்கியது. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர் ஆங்கிலேய நீதிபதியின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார் என்றால், தன் தொழில் திரும்பக் கிடைப்பது ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய காரியம்!

மளிகைக் கடையும் வேலைதான், வங்கியும் வேலைதான். அவருக்குக் கை வந்ததோ வழக்காடுவது. இன்று தமிழ்நாட்டுச் சிறைகளில் தறி ஓடுகிறது, ரொட்டி வேகிறது. சிறைத் துறையின் பெட்ரோல் பங்குகளில் சிறைவாசிகள் வேலை செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் லாரி ஓட்டியவரின் உரிமம் அவர் உள்ளே இருக்கும்போதே காலாவதியாகிவிடுகிறது. வெளியே வந்தவரிடம் தறிப் பயிற்சிச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினால் போதுமா?

அதனால் விடுதலை நெருங்கும் ஒவ்வொருவரிடமும், “முன்னே என்ன வேலை பார்த்தீங்க?” என்றுதான் முதலில் கேட்பேன். “கொத்தனாருங்க”, “சமையல் சார்” என்று சொல்லும்போதே குரலில் ஒரு நிமிர்வு வரும். அந்த வேலைக்கு என்ன சான்று வேண்டும், எது காலாவதியானது, யார் கையெழுத்து தேவை என்று பார்த்து, உள்ளே இருக்கும்போதே மனுவை எழுதத் தொடங்கிவிட வேண்டும். வ.உ.சி.க்குச் சன்னது திரும்பக் கிடைக்க எத்தனையோ ஆண்டுகள் ஆயின; இன்னொருவர் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.