பலிபீடமும் கூத்துக்களரியும்

வன்னியின் கூத்து மரபை ஆராயப் புகுவோர் முல்லைமோடியையும் கோவலன் கூத்தையுமே பெரிதும் பேசுவர்; கரையோரக் கத்தோலிக்கரின் கூத்துகள் ஓரத்திலேயே நிற்கின்றன. இதற்குக் கலையைப் போதனைக் கருவியாக மட்டுமே கண்ட திருச்சபை மனப்பாங்கும் பொறுப்பு என்பது எம் கருத்து. அயலிலுள்ள மன்னாருக்கோ 1964இல் 'எண்டிறிக்கு எம்பரதோர்' நாடகத்தைப் பதிப்பிக்கப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வாய்த்தார்.

குருத்துவமும் கலையும் ஒருவரிடத்தே முரணின்றி வாழலாம் என்பதற்கு 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கிய நீ. மரியசேவியர் அடிகளே (மறைவு 2021) சான்று. திருப்பாடுகளின் நாடகத்திலிருந்து புறப்பட்ட அவர், மொழியெல்லை கடக்கும் சொல்லில்லா நாடகத்தையும் ஆக்கினார். 1990 முதல் வெளிவந்த 'கலைமுகம்' சமயஞ்சாராதோருக்கும் இடமளித்தது.

2009இல் முடிந்த போரில் முல்லைத்தீவுக் கரையூர்கள் முற்றாகப் பெயர்ந்தன. அண்ணாவிமாரிடம் எஞ்சிய கொப்பிகளைப் படியெடுப்பதைப் பங்குப்பணியாகவே ஏற்கும் குருக்களை வன்னி இன்று வேண்டிநிற்கின்றது.