அரிசி ஏற்றுமதித் தடைகள்: யாருக்குப் பாதுகாப்பு, யாருக்குச் சுமை?

உணவுப் பொருட்களின் விலை உயரும்போது அரசுகள் முதலில் கையிலெடுக்கும் நடவடிக்கைகளில் ஏற்றுமதித் தடையும் ஒன்று. உள்நாட்டு மக்களின் உணவைப் பாதுகாப்பதே அதன் நோக்கம் என்று அவை கூறுகின்றன. ஆனால் அரிசி வர்த்தகத்தில் 2008 ஆம் ஆண்டிலும் 2023 ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தவை, இத்தகைய தடைகள் பற்றாக்குறையைத் தீர்ப்பதில்லை, அதை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இடம் மாற்றுகின்றன என்பதையே காட்டுகின்றன.

பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்வதற்கு 2023 ஜூலை 20 ஆம் தேதி இந்தியா தடை விதித்தது. முந்தைய ஓராண்டில் உள்நாட்டுச் சில்லறை விலை 11.5 சதவீதம் உயர்ந்திருந்ததை இந்திய அரசு காரணமாகக் காட்டியது. எல் நினோவால் பருவமழை பொய்க்கக்கூடும் என்ற அச்சமும், 2024 பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததும் இதன் பின்னணியில் இருந்தன.

அடுத்த சில நாட்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தெற்காசியக் கடைகளில் அரிசி மூட்டைகளை வாங்கிச் சேர்க்க மக்கள் திரண்டனர். முதல் தடையில் தப்பியிருந்த புழுங்கல் அரிசி மீது அதே ஆண்டு ஆகஸ்ட் 25 ஆம் தேதி 20 சதவீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அன்றாட உணவு இந்த அரிசிதான்.

சிறிய சந்தை, பெரிய அதிர்வு

உலகில் விளையும் அரிசியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே எல்லை கடந்து விற்கப்படுகிறது. எஞ்சியதை விளைவித்த நாடுகளே உண்டு விடுகின்றன. இந்தச் சிறிய சந்தையிலும் 2022 ஆம் ஆண்டில் சுமார் 40 சதவீதம் இந்தியாவிலிருந்து வந்தது.

ஆகவே பெரிய விற்பனையாளர் ஒருவர் விலகிக்கொண்டால், எஞ்சிய விற்பனையாளர்களிடம் அனைவரும் ஒரே நேரத்தில் முண்டியடிக்கின்றனர். 2023 ஆகஸ்டில் தாய்லாந்து அரிசியின் ஏற்றுமதி விலை, டன் ஒன்றுக்குச் சுமார் 650 டாலர் என்ற, 15 ஆண்டுகளில் காணப்படாத உயரத்தை எட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், பெனின் போன்ற நாடுகள் இந்திய அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தவை.

தடையிலிருந்து சில நாடுகளுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு 50,000 டன், மலேசியாவுக்கு 1,70,000 டன் என்று அரசுகளுக்கிடையிலான வேண்டுகோள்களின் பேரில் அனுமதி வழங்கப்பட்டது. அதாவது, சந்தையின் இடத்தை இராஜதந்திரம் எடுத்துக்கொண்டது. செல்வாக்குக் குறைந்த நாடுகளுக்கு இது சாதகமான ஏற்பாடல்ல.

2008 தந்த பாடம்

இதைவிடக் கடுமையான நெருக்கடி 2008 இல் ஏற்பட்டது. கோதுமைக் கையிருப்புக் குறித்த கவலையால் 2007 அக்டோபரில் இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வியட்நாம், எகிப்து, கம்போடியா ஆகியவையும் அவ்வழியைப் பின்பற்றின. மறுபுறம் பிலிப்பைன்ஸ் அரசு எந்த விலைக்கும் வாங்கத் தயார் என்பதுபோல் பெருமளவு கொள்முதல் செய்தது.

2007 இன் இறுதியில் டன் ஒன்றுக்கு 400 டாலருக்கும் குறைவாக இருந்த தாய்லாந்து அரிசி, 2008 ஏப்ரல், மே மாதங்களில் 1,000 டாலரை எட்டியது. உணவு விலை உயர்வை எதிர்த்து ஹெய்ட்டியில் வெடித்த கலவரங்களை அடுத்து அந்நாட்டுப் பிரதமர் பதவி இழந்தார்.

இவ்வளவுக்கும் உலகில் அரிசி விளைச்சல் அப்போது வீழ்ச்சியடைந்திருக்கவில்லை. அக்காலத்து அரிசி விலை உயர்வில் ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு, நாடுகள் தத்தம் உள்நாட்டு விலையைக் காத்துக்கொள்ள எடுத்த நடவடிக்கைகளே காரணம் என்று பொருளாதார நிபுணர்கள் வில் மார்ட்டின், கிம் ஆண்டர்சன் ஆகியோர் பின்னர் மதிப்பிட்டனர்.

நெருக்கடி தணிந்த விதமும் கவனிக்கத்தக்கது. இறக்குமதி செய்து கிடங்குகளில் வைத்திருந்த அரிசியை விற்கத் தயார் என்று ஜப்பான் அறிவித்தது. அந்த அரிசி பெருமளவில் கப்பலேறும் முன்னரே விலை சரியத் தொடங்கியது. விலையை உயர்த்தியதில் பற்றாக்குறையைவிட அச்சத்துக்கே பெரும் பங்கு இருந்தது என்பதை இது உணர்த்தியது.

இலாப நட்டக் கணக்கு

தடை விதிக்கும் அரசின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வருமானத்தில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் கோடிக்கணக்கான ஏழைகளுக்குச் சிறிய விலை உயர்வும் பேரிடியாகும். 2008 இல் உலகச் சந்தையில் இருந்த அளவு விலை உயர்வு இந்தியாவுக்குள் ஏற்படவில்லை என்பதும் உண்மை.

எனினும் அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் இருவர். ஒருவர் அரிசியை இறக்குமதி செய்யும் நாட்டின் ஏழை நுகர்வோர். மற்றவர் தடை விதித்த நாட்டின் விவசாயி. உலக விலை உச்சத்தில் இருக்கும்போது அதன் பலன் அவரைச் சென்றடைவதில்லை. விலை வீழ்ந்திருக்கும்போது மட்டுமே சந்தை அவருக்குத் திறந்திருக்கிறது.

இந்தியா சுமார் 80 கோடிப் பேருக்கு நியாயவிலைக் கடைகள் மூலம் இலவசமாக உணவுதானியம் வழங்கி வருகிறது. 2023 இல் அரசுக் கிடங்குகளில் இருந்த அரிசியும் நிர்ணயிக்கப்பட்ட கையிருப்பு அளவைவிட அதிகமாகவே இருந்தது. ஏழைகளைப் பாதுகாக்க எல்லையை மூடுவது ஒன்றே வழியாக இருக்கவில்லை என்ற விமர்சனம் எழுவது இதனால்தான்.

ஒருபுறம் மட்டும் உள்ள விதிகள்

உலக வர்த்தக அமைப்பின் விதிகள் இறக்குமதி வரிகளுக்கு உச்சவரம்பு விதிக்கின்றன. ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் விடயத்தில் அவை தளர்வானவை. கடும் உணவுத் தட்டுப்பாட்டைத் தவிர்க்கத் தற்காலிகத் தடை விதிக்கலாம் என்ற விலக்கு அவற்றில் உள்ளது. உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்காக வாங்கும் உணவைத் தடை செய்வதில்லை என்று 2022 ஜூனில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டது மட்டுமே இதில் ஏற்பட்ட குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

சந்தையைத் திறந்துவிடுங்கள், வேண்டியபோது உணவு கிடைக்கும் என்று ஏழை நாடுகளுக்கு நெடுங்காலமாக அறிவுரை கூறப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் ஹெய்ட்டி தனது அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தது. மலிவான அமெரிக்க அரிசியின் முன் உள்நாட்டு விவசாயம் நலிந்தது. அந்தக் கொள்கை தவறானது என்று முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் 2010 இல் ஒப்புக்கொண்டார். ஆனால் 2008 இல் விலை உயர்ந்தபோது ஹெய்ட்டி மக்களிடம் போதிய விளைச்சலும் இருக்கவில்லை, வாங்கும் சக்தியும் இருக்கவில்லை.

நம்பிக்கையின் விலை

இந்தியா 2024 செப்டம்பர் இறுதியில் வெள்ளை அரிசி மீதான தடையையும், அக்டோபரில் புழுங்கல் அரிசி மீதான வரியையும் நீக்கியது. 2025 இல் தாய்லாந்து அரிசி டன் ஒன்றுக்கு 400 டாலருக்கும் கீழே சரிந்தது. உடனே மறுமுனையில் கதவு மூடப்பட்டது. தனது விவசாயிகளைக் காக்கவெனப் பிலிப்பைன்ஸ் 2025 செப்டம்பர் முதல் அரிசி இறக்குமதியை நிறுத்தி வைத்தது.

விலை ஏறினால் விற்பவர் கதவடைப்பதும், இறங்கினால் வாங்குபவர் கதவடைப்பதுமாக இந்தச் சுழற்சி தொடர்கிறது. ஒவ்வொரு தடைக்குப் பின்னரும், அதிகச் செலவானாலும் சொந்த மண்ணில் விளைவிப்பதே மேல் என்று இறக்குமதி நாடுகள் எண்ணத் தலைப்படுகின்றன. அதனால் ஏற்கெனவே சிறிதாக உள்ள சந்தை மேலும் சுருங்குகிறது. அடுத்த முறை மழை பொய்க்கும்போது, சொந்தமாக விளைவிக்க நிலமோ நீரோ இல்லாத நாடுகளே அதன் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.